ஆடம்பரக் காரும் ஆண்டுச் சோதனையும்

பிரித்தானிய நகரங்களிலே, பாவித்த மோட்டார் வண்டிகளை விற்கும் முற்றங்களில் ஒரு விந்தையான காட்சியைக் காணலாம். ஒரு மூலையில் நான்கைந்து ஆண்டுகளே ஓடிய சிறிய கார் ஒன்று நிற்கும். அதன் அருகே, ஒரு காலத்தில் வங்கி அதிபர்களும் பிரதம மந்திரிகளும் ஏறிச் சென்ற இனத்தைச் சேர்ந்த நீண்ட ஜகுவார் வண்டி ஒன்று நிற்கும். தோலாசனங்கள், அக்ரூட் மரம் பதித்த முகப்பு, உள்ளே இருப்பவரின் பேச்சைக் கெடுக்காத எட்டுச் சிலிண்டர் எஞ்சின் எல்லாம் அதில் உண்டு. விலைச் சீட்டைப் பார்த்தாலோ, பக்கத்திலே நிற்கும் சிறிய காரின் விலையிலும் குறைவாக இருக்கும்.

நடுத்தர வருவாயுள்ள ஒருவர் அவ்விரண்டு வண்டிகளுக்கும் இடையே நின்று தயங்குகின்றார் என்று வைத்துக்கொள்ளலாம். அவர் கையிலிருப்பது சில ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேமித்த பணம். அவருடைய தயக்கத்தைக் கண்ட விற்பனையாளர் ஒரு தாளை எடுத்து நீட்டுகின்றார். "சென்ற வாரந்தான் சோதனையில் தேறியது, ஐயா. ஒரு குறையும் இல்லை" என்கின்றார்.

அந்தத் தாள் சொல்வது என்ன? அது சொல்லாமல் விடுவது என்ன? இவ்விரு வினாக்களுக்கும் விடை அறியாமற் பணத்தைக் கொடுப்பவர், யானையை மலிவாக வாங்கிக் கட்டிவிட்டு, அதற்குத் தீனி தேடி அலைபவரின் நிலையை அடையக்கூடும். ஆகவே அச்சோதனை எவ்வாறு தோன்றியது, எவ்வாறு நடைபெறுகின்றது, அதன் முடிவை எந்த அளவுக்கு நம்பலாம் என்பவற்றை அறிந்துகொள்வது பயனுடையதாகும்.

அத்தாளுக்கு எம்.ஓ.ரி. சான்றிதழ் என்று பெயர். போக்குவரத்து அமைச்சு என்பதன் ஆங்கிலப் பெயரிலுள்ள முதலெழுத்துக்களே அவை. அமைச்சின் பெயர் பிற்காலத்தில் மாறிவிட்டபோதிலும், சோதனையின் பெயர் மக்கள் வாயில் அப்படியே நிலைத்துவிட்டது. 1956 ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டம் இதற்கு வழி வகுத்தது. ஏர்ணஸ்ட் மார்ப்பிள்ஸ் போக்குவரத்து அமைச்சராக இருந்த காலத்தில், 1960 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் சோதனை தொடங்கிற்று. அன்று பத்து ஆண்டும் அதற்கு மேலும் வயதான வண்டிகள் மாத்திரமே சோதனைக்கு உட்பட்டன. பிறேக், விளக்குகள், சுக்கான் ஆகிய மூன்றையுமே பரிசோதகர்கள் பார்த்தார்கள். ஆயினும் அந்தச் சிறு சோதனையிலேயே தவறிய வண்டிகளின் தொகை எதிர்பார்த்ததினும் மிகுதியாக இருந்தது. எனவே 1961 ஆம் ஆண்டின் இறுதியில் வயதெல்லை ஏழு ஆண்டாகக் குறைக்கப்பட்டது. 1967 ஆம் ஆண்டில் அது மூன்று ஆண்டாயிற்று. அன்று தொட்டு, வட அயர்லாந்து நீங்கலான பிரித்தானியாவில், மூன்று ஆண்டு நிறைந்த கார் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை சோதனைக்குச் செல்லவேண்டும். வட அயர்லாந்தில் மட்டும் அவ்வெல்லை நான்கு ஆண்டாகும்.

காலம் செல்லச் செல்லச் சோதனையின் பரப்பும் விரிந்தது. 1968 இல் ரயர்கள் சேர்க்கப்பட்டன. 1977 இல் கண்ணாடி துடைப்பான்கள், ஒலியெழுப்பி, புகைபோக்கி, வண்டியின் உடற்சட்டம் என்பன சேர்ந்தன. 1991 இல் பெற்றோல் வண்டிகள் கக்கும் கழிவுப் புகையை அளக்கத் தொடங்கினர். 2012 இல், மின்னணுக் கருவிகள் பழுதுற்றமையைக் காட்டும் எச்சரிக்கை விளக்குகள் பலவும் பரிசோதகரின் பட்டியலுக்குள் வந்தன. 2018 ஆம் ஆண்டு மே மாதம் முதல், காணப்படும் குறைகள் ஆபத்தானவை, பெரியவை, சிறியவை என மூவகையாகப் பிரித்து எழுதப்படுகின்றன. முதல் இரண்டு வகைகளில் ஒன்று காணப்பட்டாலும் வண்டி தேறாது. சிறிய குறையுடன் தேறலாம். இவற்றுக்கு அப்பால், இன்று தவறு அன்று, நாளை தவறாகக்கூடும் என்று கருதப்படுபவை ஆலோசனைக் குறிப்புகளாக எழுதப்படும்.

இவ்வரலாற்றை ஊன்றி நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். சோதனையின் பரப்பு எவ்வளவு விரிந்தபோதிலும் அதன் நோக்கம் மாறவில்லை. வண்டியில் இருப்பவரும், வீதியில் நடப்பவரும், எதிரே வருபவரும் ஊறுபடாமற் காப்பதும், காற்றை மாசு படாமற் காப்பதுமே அதன் நோக்கம். உடைமையாளரின் பணப்பையைக் காப்பது அதன் நோக்கமன்று. எஞ்சினின் உள்நிலை, கிளச், கியர்ப் பெட்டி ஆகியவற்றின் நிலை சோதனையில் அடங்காது என்பதை அரசாங்கமே வெளிப்படையாக அறிவித்துள்ளது. ஒரு பழைய ஆடம்பரக் காரில் மிகுந்த செலவை உண்டாக்கும் உறுப்புகள் எவை என்று கேட்டால், அவற்றுள் முதலிடம் பெறுபவை எஞ்சினும் கியர்ப் பெட்டியுமேயன்றோ? இதனை மனத்திலே கொண்டு, முன்னே கூறிய ஜகுவாரைச் சோதனைச் சாலைக்குள் பின்தொடர்ந்து செல்லலாம்.

1997 ஆம் ஆண்டு முதல் 2003 ஆம் ஆண்டு வரை உற்பத்தியான ஜகுவார் எக்ஸ்.ஜே. வண்டிகளுள் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அதன் எடை ஏறத்தாழ 1,700 கிலோகிராம். சோதனைச் சாலையில் அதன் முன்சில்லுகள் இரண்டும், பின்னர்ப் பின்சில்லுகள் இரண்டும், நிலத்திலே பதிக்கப்பட்ட உருளைகளின் மீது நிறுத்தப்படும். உருளைகள் சில்லுகளைச் சுழற்ற, பரிசோதகர் பிறேக்கை மிதிப்பார். ஒவ்வொரு சில்லும் எவ்வளவு விசையுடன் உருளையை எதிர்த்து நிற்கின்றது என்பதைக் கருவி காட்டும். 2010 ஆம் ஆண்டு செப்டெம்பருக்கு முன்னர் வீதிக்கு வந்த இத்தகைய கார்களுக்கு, நான்கு சில்லுகளின் பிறேக் விசையும் சேர்ந்து வண்டியின் எடையில் நூற்றுக்கு 50 பங்காவது இருத்தல் வேண்டும். அதாவது இந்த ஜகுவாருக்கு 850 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை தேவை. ஆயிரம் கிலோகிராம் எடையுள்ள சிறிய காருக்கு 500 போதும். மேலும், ஒரே அச்சிலுள்ள இடச்சில்லுக்கும் வலச்சில்லுக்கும் இடையில் விசை வேற்றுமை நூற்றுக்கு 30 பங்குக்கு மேற்பட்டாலும் வண்டி தேறாது. அவ்வாறான வண்டி சடுதியாக நிறுத்தப்படும்போது ஒரு பக்கமாக இழுத்துச் செல்லும்.

பின்னர் வண்டி உயர்த்தப்படுகின்றது. பரிசோதகர் விளக்குடன் அதன் கீழே நின்று, சில்லுகளை உடலுடன் பிணைக்கும் கரங்களையும், பந்து மூட்டுகளையும், இறப்பர்ப் புஷ்களையும் அசைத்துப் பார்க்கின்றார். சிறிய காரிலே பின்சில்லுகளைத் தாங்குவதற்கு ஒரே வளைந்த சட்டம் போதுமானதாக இருக்கும். ஆடம்பரக் காரிலோ, மேடு பள்ளங்கள் உள்ளே இருப்பவருக்குத் தெரியாவண்ணம் ஒவ்வொரு சில்லுக்கும் தனித்தனியே பல கரங்களும், அக்கரங்களின் நுனிகள் தோறும் மென்மையான இறப்பர்ப் புஷ்களும் அமைந்திருக்கும். அப்புஷ்களின் மென்மையே பயணத்துக்கு இன்பம் தருவது. அம்மென்மையே அவை விரைவில் வெடிப்பதற்கும் தேய்வதற்கும் காரணமாவது. கனமான வண்டி, மென்மையான இறப்பர், எண்ணிக்கையில் மிகுந்த மூட்டுகள் ஆகிய மூன்றும் ஒன்று கூடுகின்றன. ஆகவே இத்தகைய வண்டிகள் சோதனையில் தவறுவதற்கு இவ்வமைப்பு அடிக்கடி காரணமாவதில் வியப்பில்லை. அது அவ்வண்டி தரங்குறைந்தது என்பதற்குச் சான்றன்று. சோதிப்பதற்குரிய உறுப்புகள் அதில் மிகுதி என்பதே உண்மை.

அடுத்துக் கறள். சில்லுகளைத் தாங்கும் கரங்கள் உடலிற் பொருந்தும் இடம், ஆசனப்பட்டிகள் பொருத்தப்படும் இடம் முதலியவற்றைச் சுற்றி 30 சென்ரிமீற்றர் தூரத்துக்குள் உடற்சட்டம் கறளினால் வலுவிழந்திருந்தால் வண்டி தேறாது. பரிசோதகர் பெருவிரலால் அழுத்தியும், அதற்கென அமைந்த சிறு கருவியினால் மெல்லத் தட்டியும் சுரண்டியும் பார்ப்பார். ஆனால் எதனையும் கழற்றிப் பார்க்க அவருக்கு உரிமையில்லை. கதவுகளுக்குக் கீழே ஓடும் சட்டத்தை அழகிய மூடி ஒன்று மறைத்திருந்தால், அதன் பின்னே இருப்பதை அவர் காணமாட்டார். கீழ்ப்பாகம் முழுவதும் அண்மையிற் கறுப்பு மெழுகு பூசப்பட்டிருந்தாலும் அவ்வாறே. எனவே இரண்டு பரிசோதகர்கள் ஒரே கறளை இரண்டு விதமாகக் கணிப்பதும் உண்டு. பிறேக்கின் விசையை எண்ணாற் கூறலாம். கறளின் ஆழத்தையும் மூட்டின் தளர்வையும் அனுபவமுள்ள கண்ணும் கையுமே தீர்மானிக்கின்றன. சோதனையின் நம்பகம் எல்லா இடத்திலும் ஒரே அளவினதன்று என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டாகும்.

2003 ஆம் ஆண்டில் வெளிவந்த அடுத்த தலைமுறை எக்ஸ்.ஜே. வண்டியின் உடல் அலுமினியத்தால் ஆனது. பழைய உருக்கு உடலைத் தின்ற செங்கறள் அதனைத் தீண்டாது. ஆனால் அவ்வண்டி வில்லுகளுக்குப் பதிலாகக் காற்றடைத்த பைகளின் மேல் மிதந்தது. 1998 இல் வந்த மேர்சிடிஸ் பென்ஸ் எஸ் வகுப்பு வண்டிகளிலும் காற்று வில்லுகள் இடம்பெற்றன. ஆண்டுகள் கழிய அவற்றின் இறப்பரிலே நுண்ணிய வெடிப்புகள் தோன்றும். இரவு முழுவதும் காற்றுக் கசிந்து, காலையில் வண்டி முழங்கால் மடித்த ஒட்டகம் போல் ஒரு பக்கம் தாழ்ந்து கிடக்கும். எஞ்சினை இயக்கியதும் காற்றுப் பம்பி உழைத்து அதனை மீண்டும் நிமிர்த்திவிடும். சோதனைச் சாலையை அடையும்போது வண்டி நேராகவே நிற்கும். சிறு கசிவு பரிசோதகரின் கண்ணுக்குத் தப்பிவிடும். ஓயாது உழைத்த பம்பி, சான்றிதழின் மை உலர்வதற்கு முன்பே எரிந்துபோனாலும் போகலாம்.

இனி, சோதனை எட்டிப் பாராத இடத்திற்குச் செல்லலாம். முன்னே எடுத்துக்கொண்ட ஜகுவார் வண்டியின் எட்டுச் சிலிண்டர் எஞ்சின் 1996 ஆம் ஆண்டில் அறிமுகமானது. அதன் சிலிண்டர்களின் உட்சுவரில், நிக்கலும் சிலிக்கன் காபைட்டும் கலந்த 'நிக்கசில்' என்னும் மெல்லிய பூச்சு இடப்பட்டிருந்தது. அக்காலத்துப் பெற்றோலில் கந்தகம் மிகுந்திருந்த இடங்களில் அப்பூச்சு அரிக்கப்பட்டது. சுவர் அரிபட்டால் எஞ்சினுள் அமுக்கம் குறையும், இயக்குவதே கடினமாகும். 2000 ஆம் ஆண்டளவில் அப்பூச்சு கைவிடப்பட்டு, இரும்பினாலான உட்சுவர் புகுத்தப்பட்டது. அதே எஞ்சினில், வால்வுகளைத் திறந்து மூடும் தண்டுகளை ஓட்டுகின்ற சங்கிலிகளை இறுக்கிப் பிடிக்கும் சிறு உறுப்பு முதலிற் பிளாஸ்திக்கினால் அமைந்திருந்தது. வெப்பத்தினாலும் முதுமையினாலும் அது வெடிக்கும். அது உடைந்து சங்கிலி பல்லுத் தவறினால், வால்வுகளும் பிஸ்டன்களும் ஒன்றோடொன்று மோதி எஞ்சின் அழிந்துபோகும். பின்னர் அவ்வுறுப்பும் உலோகத்தினால் செய்யப்பட்டது.

கியர்ப் பெட்டியின் கதையும் இத்தகையதே. ஜெர்மனியைச் சேர்ந்த இஸட். எப். நிறுவனத்தின் தானியங்கிக் கியர்ப் பெட்டி இவ்வினத்து வண்டிகள் பலவற்றிற் பொருத்தப்பட்டது. அதன் எண்ணெய் வாழ்நாள் முழுவதற்கும் போதும் என்று கூறப்பட்டமையால், எண்ணெயின் அளவைப் பார்ப்பதற்கு ஒரு கோல்கூட வைக்கப்படவில்லை. ஆனால் எந்த எண்ணெயும் என்றும் புதிதாய் இருப்பதில்லை. காலத்துக்குக் காலம் அதனை மாற்றிய உடைமையாளரின் பெட்டி உழைத்தது. வாழ்நாள் என்ற சொல்லை நம்பி வாளாவிருந்தவரின் பெட்டி, எண்ணெயின் வாழ்நாளுடன் தன் வாழ்நாளையும் முடித்துக்கொண்டது.

இங்கே கூறப்பட்ட குறைகளுள் எதனையும் ஆண்டுச் சோதனை கண்டுபிடிக்காது. பிளாஸ்திக் உறுப்பு மயிரிழை வெடிப்புடன் இருக்கும் நாளிலேயே, வண்டி பிறேக்கில் தேறும், விளக்கில் தேறும், கழிவுப் புகையிலும் தேறும். பரிசோதகர் தம் கடமையில் ஓர் அணுவும் தவறாமற் சான்றிதழ் எழுதிக் கொடுப்பார். அடுத்த வாரம் எஞ்சின் அழிந்தால், அவரைக் குறை கூற எவராலும் இயலாது. அவ்வேளையில் உடைமையாளர் ஒரு கசப்பான கணக்கைக் கற்றுக்கொள்வார். வண்டியின் விலை ஆண்டுதோறும் இறங்குகின்றது. அதன் உறுப்புகளின் விலை இறங்குவதில்லை. புதியதாக இருந்தபோது பெருஞ்செல்வர் ஒருவர் கொடுத்த விலைக்கேற்ற உறுப்புகளே, மலிவு விலைக்கு வாங்கியவருக்கும் தேவைப்படுகின்றன.

இதற்கு எதிர்மாறான நிலையும் ஒன்று உண்டு. அங்கே சோதனை கண்டுபிடிக்கக்கூடிய குறைகள் இருக்கும். சோதனைக்கு வருமாறு கட்டாயம் இராது. 1965 ஆம் ஆண்டில் வெளிவந்த றோல்ஸ் றோய்ஸ் சில்வர் ஷடோ வண்டியை இதற்குச் சான்றாகக் கூறலாம். அதன் எடை இரண்டு தொன்னுக்கும் மேல். அவ்வளவு பெரிய உடலை நிறுத்துவதற்கு, எஞ்சினால் இயங்கும் இரண்டு பம்பிகள் பிறேக் திரவத்தை உயர்ந்த அழுத்தத்துக்கு ஏற்றுகின்றன. அழுத்தமேறிய திரவம், நைதரசன் வாயு நிரம்பிய இரண்டு கோளங்களிற் சேமிக்கப்படுகின்றது. பிரான்சிய சிற்றோயன் நிறுவனத்தின் உரிமத்தைப் பெற்று அமைந்த இந்த ஏற்பாடே, வண்டியின் பின்பாகம் சுமையால் தாழாது நிற்பதற்கும் உதவுகின்றது. நல்ல நிலையில் உள்ளபோது இது மிகச் சிறந்த அமைப்பு. ஆனால் கோளத்திலிருந்து வாயு கசிந்துவிட்டால் சேமிப்பு இல்லாமற் போகும். இறப்பர்க் குழாய்கள் முதுமையடைந்தால் வெடிக்கும். எஞ்சினை நிறுத்திவிட்டுப் பிறேக்கைப் பலமுறை மிதித்து, எத்தனையாவது மிதியில் எச்சரிக்கை விளக்கு ஒளிர்கின்றது என்று எண்ணுவது, அனுபவமுள்ளோர் கைக்கொள்ளும் எளிய முறை. மிகச் சில மிதிகளிலேயே விளக்கு எரிந்தால், கோளங்கள் வெறுமையாகிவிட்டன என்பது பொருள்.

சில்வர் ஷடோவின் உற்பத்தி 1980 ஆம் ஆண்டில் முடிவுற்றது. 2018 ஆம் ஆண்டு மே மாதம் முதல், 40 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு, கடந்த 30 ஆண்டுகளுள் அவற்றின் அமைப்பு பெருமளவில் மாற்றப்படாதிருந்தால், பிரித்தானியாவில் ஆண்டுச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. எனவே சில்வர் ஷடோ வண்டிகள் அனைத்தும் வயதினால் அவ்விலக்குக்கு உரியனவாகிவிட்டன. பழைய வண்டிகளை உடையோர் அவற்றைக் குழந்தைகளைப் போலப் பேணுவர், மிகக் குறைவாகவே ஓட்டுவர் என்ற கருத்தே இவ்விலக்குக்கு அடிப்படை. அது பெரும்பாலும் உண்மையே. ஆனால் கூடத்தில் நிற்கும் வண்டியின் இறப்பரும் முதுமையடைகின்றது. திரவமும் ஈரத்தை உறிஞ்சுகின்றது. விலக்கு என்பது சோதனைக்குத்தான். வண்டியைப் பாதுகாப்பான நிலையில் வைத்திருக்கும் கடமைக்கு விலக்கில்லை. அறிவுள்ள உடைமையாளர் பலர் தாமாகவே முன்வந்து ஆண்டுதோறும் வண்டியைச் சோதனைக்கு விடுகின்றனர். இரண்டு தொன் எடை வீதியில் ஓடும்போது அதற்கு முன்னே கடப்பவர், அவ்வண்டியின் வயதை எண்ணி விலகிக்கொள்ளப்போவதில்லை.

அடுத்து, எண்ணிக்கைகளை எவ்வாறு நம்புவது என்ற கேள்வி எழுகின்றது. 2005 ஆம் ஆண்டு தொடக்கம் பிரித்தானியாவின் சோதனை முடிவுகள் கணினியிற் பதியப்படுகின்றன. எந்த வகைக் கார் நூற்றுக்கு எத்தனை வீதம் தேறுகின்றது என்று கணக்கிட்டு, அதனைக் கொண்டு வண்டிகளை வரிசைப்படுத்துவோர் பலர். பழைய ஆடம்பரக் கார் ஒன்று அவ்வரிசையில் உயர்ந்த இடத்தைப் பெற்றால், அது உறுதியான வண்டி என்று முடிவு செய்யலாமா?

அவசரப்படலாகாது. கற்பனையாக 100 வண்டிகளை எடுத்துக்கொள்ளலாம். இருபது ஆண்டுகளில் அவற்றுள் 70 வண்டிகள் எஞ்சின் அழிந்தோ, கறள் தின்றோ, திருத்துஞ் செலவுக்கு அஞ்சியோ உடைப்பாரிடம் போய்விட்டன. எஞ்சிய 30 வண்டிகளும் வசதியும் பற்றும் உள்ளவர்களிடம் இருக்கின்றன. அவற்றுள் 27 தேறினால், நூற்றுக்கு 90 தேறியது என்று கணக்குச் சொல்லும். மறைந்துபோன 70 வண்டிகளும் அக்கணக்கில் இடம்பெறுவதில்லை. போர்க்களத்திலிருந்து திரும்பியவர்களை மட்டும் எண்ணிவிட்டு, போரில் எவரும் மடியவில்லை என்று கூறுவதற்கு இது ஒப்பாகும்.

வேறு காரணங்களும் உள. சோதனைக்கு முதல் நாள் கராஜ் ஒன்றில் வண்டியைக் கொடுத்து, தேய்ந்த ரயரையும் எரிந்த விளக்கையும் மாற்றிக்கொண்டு வருபவரின் வண்டி தேறிவிடும். எதையும் பாராமல் நேரே கொண்டுவருபவரின் வண்டி, ஒரு சிறு விளக்கினாலேயே தவறிவிடும். ஆகவே தேறும் வீதத்தில் வண்டியின் குணம் ஒரு பங்கு. உடைமையாளரின் குணம் மற்றொரு பங்கு. ஓடிய தூரமும் கருதத்தக்கது. ஓய்வு நாட்களில் மட்டும் வெளியே வரும் ஆடம்பரக் காரையும், நாள்தோறும் வேலைக்கு ஓடும் சிறிய காரையும் ஒரே தராசில் நிறுப்பது நீதியாகாது.

ஜெர்மனியில் இதே துறையிற் புகழ்பெற்றவை 'ரூவ்' எனப்படும் பரிசோதனைச் சங்கங்கள். அவற்றின் தோற்றம் மோட்டார் வண்டிக்கும் முற்பட்டது. 1865 ஆம் ஆண்டு மன்ஹைம் நகரிலே மதுவடிசாலை ஒன்றின் நீராவிக் கொதிகலன் வெடித்தது. அதனையடுத்து, 1866 இல் கொதிகலன்களைப் பரிசோதிப்பதற்கென அங்கே ஒரு சங்கம் அமைந்தது. அம்மரபில் வந்தவர்களே பின்னர் மோட்டார் வண்டிகளையும் பரிசோதிக்கலாயினர். அங்கே புதிய கார் மூன்றாம் ஆண்டிலும், பின்னர் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் சோதிக்கப்படுகின்றது. பரிசோதிப்பவர் திருத்துபவரின் ஊழியர் அல்லர். பிரித்தானியாவிலோ, அரசாங்கத்தின் அனுமதி பெற்ற தனியார் கராஜ்களே சோதனையை நடத்துகின்றன. குறை காணப்பட்டால் அதே கராஜ் அதனைத் திருத்திக் கூலி பெறவும் முடியும். அங்குள்ள பரிசோதகர் பெரும்பாலும் நேர்மையாளரே. எனினும் சோதிப்பவரையும் திருத்துபவரையும் பிரித்து வைப்பதால் ஐயத்துக்கு இடம் குறைகின்றது. ஜெர்மன் சங்கங்கள் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கையில் ஒவ்வோர் இன வண்டியும் சராசரியாக ஓடிய தூரமும் குறிக்கப்படுவது மற்றொரு நன்மை. தூரத்தைப் பாராமல் தவறிய வீதத்தை மட்டும் பார்ப்பவர் பாதிச் செய்தியையே அறிகின்றார்.

இவ்வாறாயின், சோதனைச் சான்றிதழால் வாங்குபவருக்குப் பயனே இல்லையா? உண்டு, பெரும் பயன் உண்டு. ஆனால் அப்பயன் ஒற்றைத் தாளில் இல்லை. தாள்களின் வரிசையில் இருக்கின்றது. பிரித்தானியாவில் ஒரு வண்டியின் பதிவு இலக்கத்தை அறிந்த எவரும், அவ்வண்டியின் கடந்தகாலச் சோதனை முடிவுகளை இணையத்திற் கட்டணமின்றிப் பார்க்கலாம். அங்கே நான்கு செய்திகளை ஊன்றிப் பார்த்தல் வேண்டும்.

முதலாவது, ஓடிய தூரம். ஒவ்வொரு சோதனையிலும் மானியின் எண் பதியப்படுகின்றது. அது ஆண்டுதோறும் சீராக ஏறியிருக்கவேண்டும். ஓராண்டில் இறங்கியிருந்தால், எழுத்துப் பிழையா, ஏமாற்றா என்று விசாரித்தல் வேண்டும். இரண்டாவது, ஆலோசனைக் குறிப்புகள். இறப்பர்ப் புஷ் சற்றுத் தேய்ந்துள்ளது என்று ஓராண்டில் எழுதப்பட்டு, அடுத்த ஆண்டில் அக்குறிப்பு மறைந்திருந்தால், உடைமையாளர் திருத்தினார் என்பது பெரும்பாலும் பொருள். அதே குறிப்பு மூன்று நான்கு ஆண்டுகள் திரும்பத் திரும்ப வந்து, இறுதியில் தவறிய காரணமாக மாறியிருந்தால், அவ்வண்டி கட்டாயத்துக்கு மட்டுமே திருத்தப்பட்டது என்பது வெளிப்படை. சோதிக்கப்படும் உறுப்பையே கவனியாதவர், சோதிக்கப்படாத கியர்ப் பெட்டியின் எண்ணெயை மாற்றியிருப்பாரா? மூன்றாவது, கறள் பற்றிய சொற்கள். ரயரையும் பிறேக்கையும் ஒரு நாளில் மாற்றலாம். கறளோ உள்ளிருந்து பரவுவது; ஓரிடத்திற் கண்டது பல இடங்களில் உள்ளதன் அறிகுறி. நான்காவது, இடைவெளிகள். இரண்டு மூன்று ஆண்டுகள் சோதனையே இல்லாமல் நின்ற வண்டியின் குழாய்களும் ரயர்களும், ஓடிய வண்டியினுடையவற்றிலும் கெட்டிருக்கக்கூடும்.

இவற்றுடன், சோதனைக்கு அப்பாற்பட்டவற்றுக்கு வேறு சான்று தேடவேண்டும். சங்கிலியை இறுக்கும் உறுப்பு மாற்றப்பட்டதா, கியர்ப் பெட்டிக்குப் புதிய எண்ணெய் ஊற்றப்பட்டதா என்பவற்றுக்குக் கராஜின் பற்றுச்சீட்டுகளே சாட்சி. வண்டி விற்கும் முற்றத்திற்கு முன்னறிவிப்பின்றிக் காலையிற் சென்று, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே அதனை இயக்கச் சொல்லிக் கேட்பதும் நன்று. இரவில் தாழ்ந்த காற்று வில்லும், குளிரில் ஓசையிடும் சங்கிலியும் அந்நேரத்தில் தம்மைக் காட்டிக்கொடுக்கும். அவ்வினத்து வண்டியை நன்கறிந்த திருத்துநர் ஒருவரை உடன் அழைத்துச் சென்றால், அவருக்குக் கொடுக்கும் கூலி வீணாகாது.

இப்பொழுது, முற்றத்தில் நின்ற மனிதரிடம் திரும்பலாம். அவர் கையில் இருக்கும் தாள் பொய்யானதன்று. குறித்த ஒரு நாளில், குறித்த சில உறுப்புகள், சட்டம் விதித்த மிகக் குறைந்த அளவை எட்டின என்று அது சாட்சி கூறுகின்றது. அச்சாட்சியத்தின் பெறுமதி சிறிதன்று. 1960 இல் தொடங்கிய அச்சோதனை, உடைந்த பிறேக்கும் குருட்டு விளக்கும் கொண்ட எத்தனையோ வண்டிகளை வீதியிலிருந்து விலக்கியுள்ளது. ஆனால் அவ்வண்டி அடுத்த ஆண்டும் ஓடுமா, ஓடவைப்பதற்கு அவருடைய வருவாய் போதுமா என்ற வினாக்களை அத்தாளிடம் எவரும் கேட்கவில்லை; அது விடை கூறவும் இல்லை.

அவர் முந்தைய ஆண்டுகளின் பதிவுகளைப் புரட்டிப் பார்க்கட்டும், பற்றுச்சீட்டுகளைக் கேட்கட்டும், வாங்கும் விலைக்கு அப்பால், திருத்துவதற்கென ஒரு தொகையை ஒதுக்கிவைக்கத் தம்மால் இயலுமா என்று எண்ணிப் பார்க்கட்டும். இவற்றிற்குப் பின்னரும் ஜகுவாரே வேண்டுமென்று அவர் துணிந்தால், நன்கு பேணப்பட்ட பழைய வண்டி பல்லாண்டு இன்பந் தரக்கூடியதே. பதிவுகளில் இடைவெளியும், பற்றுச்சீட்டுக் கேட்டபோது விற்பனையாளரின் முகத்தில் வாட்டமும் கண்டால், பக்கத்திலே நிற்கும் சிறிய காரின் கதவைத் திறப்பதே அவருக்கு நல்லது.